இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார்

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் சந்தோஷப்படுவார்.

அடுத்தவர் செய்த எதிலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது. கடையில் வாங்கிய நாற்காலியை முதல் நாளே கழற்றி, சக்கரத்தை மாற்றி, திருகுகளைத் தன் இஷ்டத்துக்கு முடுக்கிய பிறகுதான் அதில் உட்கார்ந்தார். அந்த நாற்காலி அவரை இரண்டு முறை கீழே தள்ளியது. இரண்டு முறையும் தரை சரியில்லை என்றார்.

பேராக் மாநிலத்தில், சிலிபினில் ஒரு கடைவீட்டின் மாடியில்தான் அவர் முதலாளியாக இருந்த எங்கள் அலுவலகம் இருந்தது. கீழே தையல்கடை. ஏர்கான் ஒழுகியபோது ஆள் கூப்பிடலாம் என்றோம். "அவன் வந்து என்ன புதுசா கிழிக்கப்போறான்?" என்று கேட்டு அவரே ஒரு குழாயைச் செருகி, சுவரில் ஓட்டை போட்டு, தண்ணீரை எங்கோ அனுப்பிவைத்தார். மறுநாள் காலை தையல்கடைக்காரர் நனைந்துபோன ஒரு கல்யாண ரவிக்கையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்தார்.

"என்னண்ணே இது? நாளைக்கு பொண்ணுக்கு தாலி கட்டுறாங்க!"

"துணியை அந்த மூலையில வெச்சது யாரு?" என்று கேட்டார் இவர்.

தையல்காரர் ரவிக்கையையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வாய் திறக்கிறார் என்று எதிர்பார்த்து ஏமாந்த முகங்கள் எத்தனையோ நான் பார்த்திருக்கிறேன். அதில் முதல் முகம் அது. "அண்ணே" என்று கூப்பிட்டது வேறு இவருக்குப் பிடிக்கவில்லை. "சார்" என்றால்தான் திரும்புவார்.

ஆள் லட்சணமாகத்தான் இருப்பார். இஸ்திரி மடிப்புக் கலையாத முழுக்கைச் சட்டை. பையில் இரண்டு பேனா, காகிதத்தில் எழுதி நான் பார்த்ததே இல்லை. புதிதாக யார் வந்தாலும் ஐந்தாவது நிமிடத்தில், "நான் தோட்டத்துல பொறந்தவன். லயத்து வீட்டுல படிச்சு வந்தவன்" என்பார், பதக்கத்தை எடுத்துக் காட்டுவதுபோல. சிலிபினில் பாதிப் பேர் அப்படித்தான் வந்தவர்கள். என் அப்பாவும் அம்மாவும் ரப்பர் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருந்துகொண்டு பால் மரம் வெட்டியவர்கள்தாம். நாங்கள் யாரும் அதை வைத்து யாருடைய ரவிக்கையையும் நனைக்கவில்லை.

பேராக்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும் சிறிய டயாலிசிஸ் நிலையங்களுக்கு அவர் ஒரு மென்பொருள் செய்து கொடுத்திருந்தார். எந்த நோயாளி எந்த நாற்காலியில், எத்தனை மணி நேரம், என்ன மருந்து, டாக்டர் என்ன சொன்னார் என்பதெல்லாம் அதில் ஏறும். நர்ஸுகளான தாதிகள், எங்கள் ஊர்ப் பேச்சில் மிஸ்ஸிகள், ஒவ்வொருவரும் தன் பெயரையும் பாஸ்வேர்டையும் போட்டு உள்ளே போகவேண்டும். அவர்கள் சந்தேகம் கேட்டுக் கூப்பிட்டால் போனை எடுப்பது என் வேலை.

அந்தப் பாஸ்வேர்டுகளைப் பாதுகாக்க அவர் சொந்தமாக ஒரு பூட்டு செய்தார். அதைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது.

ஓர் எண்ணிலிருந்து தொடங்கி ஒன்றன்பின் ஒன்றாக எண்களைக் கக்கிக்கொண்டே போகும் ஒரு சின்ன நிரல். அதற்கு 'எண் ஓடை' என்று பெயர் வைத்தார். ஓடையின் முதல் எண்ணைப் பாஸ்வேர்டின் முதல் எழுத்தோடு கூட்டுவார், இரண்டாவது எண்ணை இரண்டாவது எழுத்தோடு. இப்படிக் கூட்டி வந்த குப்பையைத்தான் கோப்பில் சேமித்து வைப்பார். அதே ஓடையை மறுபடி ஓடவிட்டுக் கழித்தால் பழைய சொல் திரும்ப வந்துவிடும். உலகத்தில் இதற்கு ஸ்ட்ரீம் சைஃபர் என்று பெயர். பெரிய பெரிய ஆட்கள் அதை ஒழுங்காகச் செய்து வைத்திருக்கிறார்கள். அவருக்கு அது தேவைப்படவில்லை. மூன்று வாரம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து எழுதினார். வெளியே வந்தபோது முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ஓடை தொடங்கும் எண் எது என்று யாருக்கும் சொல்லவில்லை. பின்னாளில் பார்த்தேன், அவருடைய அடையாள அட்டை நம்பரின் முதல் ஆறு எண்கள். அதாவது பிறந்த தேதி.

அந்தப் பூட்டில் அவருக்கு மிகவும் பிடித்த விஷயம், அது திறக்கும் என்பதுதான். "பேங்க்குல போய்க் கேளு, பாஸ்வேர்ட் மறந்துட்டா புதுசு போட்டுக்கோன்னுதான் சொல்வான். பழசைத் திருப்பித் தரமாட்டான். ஏன்னா அவனால முடியாது. நான் தருவேன்." பாகான் டத்தோவிலிருந்து ஒரு மிஸ்ஸி மறந்துபோய்க் கூப்பிட்டால் என்னிடமிருந்து போனைப் பிடுங்கிக்கொள்வார். இரண்டு நிமிடம்தான். "உங்க பாஸ்வேர்ட் ஆயாம்கோரேங் தொண்ணூத்தொம்பது. சரிதானே? கோழி வறுவல்! பசியோட வெச்சீங்களா?" என்று கேட்டுச் சிரிப்பார். அந்தப் பக்கம் அந்த அம்மாவும் கூச்சத்தோடு சிரிப்பது கேட்கும். போனை வைத்த பிறகு மற்ற பாஸ்வேர்டுகளையும் எங்களுக்குப் படித்துக் காட்டுவார். யார் சாமி பெயர் வைத்திருக்கிறார்கள், யார் கார் நம்பர், யார் புருஷன் பெயர், யார் வைக்கவில்லை. நாங்களும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அவர் திருடரல்ல. அந்தப் பாஸ்வேர்டுகளை வைத்து எங்கும் நுழைந்ததில்லை. திருடராக இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் கவனமாக இருந்திருப்பார்.

ஒருநாள் கோப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது இரண்டு வரிகள் என் கண்ணில் பட்டன. இரண்டு வேறு வேறு மிஸ்ஸிகள். சேமித்த குப்பையில் முதல் நான்கு எண்கள் ஒன்றுபோல் இருந்தன. அவர் படித்துக் காட்டியது நினைவிருந்தது, இரண்டு பேருமே ஆங்கிலத்தில் நான்கெழுத்தான சிவ என்று தொடங்கும் சாமி பெயர் வைத்திருந்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லாருக்கும் ஒரே ஓடை. என் பாஸ்வேர்ட் எனக்குத் தெரியும், கோப்பில் இருப்பதிலேயே நீளமும் அதுதான். அது கோப்பில் எப்படிக் கிடக்கிறது என்பதும் தெரியும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் மிச்சம் அவருடைய ஓடை. அந்த ஓடையை அடுத்தவர் வரியிலிருந்து கழித்தால் அவர்கள் பாஸ்வேர்ட். பிறந்த தேதி தெரியவேண்டியதில்லை, ஒன்றும் தெரியவேண்டியதில்லை. கூட்டல் கழித்தல் போதும்.

எக்ஸெல்லில் போட்டுப் பார்த்தேன். வரிசையாக வந்து விழுந்தன. அவருடையதும் விழுந்தது. அது என்னவென்று சொல்லமாட்டேன், ஒரு மேதைக்கு உரியதாக இல்லை என்பதோடு விடுகிறேன்.

அச்செடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன்.

"சார், எல்லாரோட பாஸ்வேர்டும் என்னால படிக்கமுடியுது."

"என்ன, கனவுல வந்துச்சா?"

காகிதத்தை நீட்டினேன். கண் வேகமாக இறங்கி அவருடைய வரியில் நின்றது. காது சிவந்தது. காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில், பேனாக்களுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"நீ எங்க படிச்ச?"

"பாலிடெக்னிக் சார்."

"அதான்." சாய்ந்து உட்கார்ந்தார். "இந்தா பாரும்மா, நீ உள்ள இருக்கிறவ. வீட்டுக்காரியே பீரோவைத் திறந்துட்டு, ஐயோ திருடன் வந்துட்டான்னு கத்துற மாதிரி இருக்கு லா நீ சொல்றது."

"வெள்ளிக்கிழமையானா இதே ஃபைலைத்தான சார் பேக்கப்புன்னு எல்லா சென்டருக்கும் அனுப்புறோம்?"

"அங்க யாரு இதைப் படிக்கப்போறா? மிஸ்ஸியும் கணக்கெழுதுற கிராணியும்தான். அதுங்களுக்கு மெயிலைத் திறக்கவே வராது."

நான் விடவில்லை. பாஸ்வேர்டைத் திரும்ப எடுக்கும்படி வைப்பதே தவறு என்றேன். அரைத்த மாவு மறுபடி அரிசியாகாது இல்லையா, அப்படித்தான் வைக்கவேண்டும். அடுத்த தடவை அவர்கள் போடும்போது அதையும் அரைத்து, இரண்டு மாவும் ஒன்றுதானா என்று மட்டும் பார்த்தால் போதும். அதற்கான நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு மத்தியானத்தில் மாற்றிவிடலாம்.

"யாரு செஞ்சது?"

"யாரோ செஞ்சது சார். எல்லாரும் அதைத்தான்..."

"அதான் பிரச்சினை," என்றார். "போ. போன் அடிக்குது பாரு."

போன் அடித்துக்கொண்டுதான் இருந்தது. போய் எடுத்தேன். அதற்குப் பிறகு எட்டு மாதம் நான் வாயைத் திறக்கவில்லை. அவரைப் பற்றி இவ்வளவு பேசுகிறவள் இதையும் சொல்லத்தான் வேண்டும்.

பத்து காஜா என்ற ஊர்ப் பக்கம் ஒரு நிலையத்தில் வசந்தி அக்கா மிஸ்ஸியாக இருந்தார். பதினைந்து வருட அனுபவம். போனில் எந்தப் புகார் சொல்லக் கூப்பிட்டாலும் முதலில் "சாப்பிட்டியா தங்கச்சி?" என்றுதான் கேட்பார். ஒரு புதன்கிழமை அவர் பார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவருக்கு ரத்தம் நிற்காமல் போனது. முதல்நாள்தான் பல் பிடுங்கியிருக்கிறார். டயாலிசிஸ் செய்யும்போது ரத்தம் உறையாமலிருக்க வழக்கமாக ஒரு மருந்து கொடுப்பார்கள். இவருக்கு அது வேண்டாம் என்று டாக்டர் காலையிலேயே போனில் சொல்லிவிட்டார். அந்தப் போனை எடுத்தவர் நிலையத்தின் சூப்பர்வைசர். கம்ப்யூட்டரில் ஏற்றினார், வசந்தி அக்காவிடம் சொல்லவில்லை. அக்கா வழக்கம்போல் மருந்தைக் கொடுத்தார். வாயெல்லாம் ரத்தம். ஆம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முதியவர் பிழைத்துக்கொண்டார்.

விசாரணை வந்தபோது கம்ப்யூட்டரில் டாக்டரின் உத்தரவுக்குக் கீழே 'படித்தேன்' என்று ஒரு டிக் இருந்தது. பக்கத்தில் வசந்தி அக்காவின் பெயர். எத்தனை மணிக்குப் போட்ட டிக் என்பது இல்லை, நேரத்தைப் பதிவு செய்யவேண்டும் என்று எங்கள் மேதைக்குத் தோன்றவில்லை. பெயர் மட்டும்தான். உத்தரவைப் படித்துவிட்டும் மருந்தைக் கொடுத்தவர் என்று ஆகிவிட்டது. அக்காவை வீட்டில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். தவறு உறுதியானால் தாதி உரிமமே போய்விடும்.

அக்காவே என்னைப் போனில் கூப்பிட்டார். அன்றைக்குச் சாப்பிட்டியா என்று கேட்கவில்லை.

"தங்கச்சி, நான் அந்த டிக்கைப் போடவே இல்ல. கம்ப்யூட்டர் தானா போட்டுக்குமா?"

"பார்க்கிறேங்க்கா," என்றேன்.

இவரிடம் போய்ச் சொன்னேன். "மாட்டிக்கிட்டா எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க," என்றார். மறுநாள் விசாரணைக்கு இவரைச் சாட்சியாக அழைத்திருந்தார்கள். புது டை வாங்கியிருந்தார். படம் காட்டும் கருவியைத் தூக்கிவர என்னையும் கூட்டிப்போனார்.

நிலையத்தின் மாடியில் ஒரு நீளமான மேசை. நிலையத்தை நடத்தும் சங்கத்தின் சார்பில், ஓய்வுபெற்ற தலைமைத் தாதியான மேட்ரன் ஒருவர் விசாரித்தார். வெள்ளை முடி, மெல்லிய குரல். சூப்பர்வைசர் ஒரு பக்கம். வசந்தி அக்கா எதிர்ப்பக்கம், அன்றைக்கும் சீருடையில்தான் வந்திருந்தார்.

இவர் முக்கால் மணி நேரம் பேசினார். ஓடை எப்படி ஓடும், எத்தனை கோடி எண்களுக்குப் பிறகு அது திரும்பும், வெளிநாட்டுக்காரன் பார்த்தால் என்ன சொல்வான் என்று படம் படமாகக் காட்டினார். மேட்ரன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சுருக்கமா சொல்லுங்க சார். வசந்தி பேர்ல வேற யாராவது உள்ள போயிருக்க முடியுமா?" என்றார்.

"சான்ஸே இல்ல மேட்ரன். அந்தப் பாஸ்வேர்ட் அவங்களுக்கு மட்டும்தான் தெரியும். என் பூட்டை எந்தக் கொம்பனாலயும் திறக்க முடியாது. டிக் இருக்குன்னா அவங்கதான் போட்டிருக்காங்க."

வசந்தி அக்கா மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அழுதிருந்தால்கூட நான் சும்மா இருந்திருப்பேனோ என்னவோ. அழவில்லை. தலையை மெதுவாக ஆட்டிக்கொண்டார், சரி, அவ்வளவுதான் என்பதுபோல.

"என்னால முடியும் மேட்ரன்," என்றேன்.

"நீ ஸ்லைடை மட்டும் பாரு," என்றார் இவர்.

"அந்தப் பொண்ணு பேசட்டும்," என்றார் மேட்ரன்.

சங்கத்துக்காகப் பதிவுகளைப் பார்க்க மேட்ரனுக்கும் அந்த மென்பொருளில் ஒரு பாஸ்வேர்ட் இருந்தது. அனுமதி கேட்டுக்கொண்டு, சென்ற வெள்ளிக்கிழமை அந்த நிலையத்துக்கு அனுப்பிய கோப்பைத் திறந்தேன். என் வரியிலிருந்து என் பாஸ்வேர்டைக் கழித்தேன். மிஞ்சியதை மேட்ரனின் வரியிலிருந்து கழித்தேன். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாகத் தட்டினேன். பத்து நிமிடம் ஆனது. கிடைத்ததை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மேட்ரனிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் படித்தார். காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தார்.

"என்னோடதுதான்," என்றார்.

அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் தலை குனிந்திருப்பார்கள். இவருக்குத் தன் பூட்டு உடைந்தது வலிக்கவில்லை. அதை நான் உடைத்ததுதான் வலித்தது.

"பத்து நிமிஷம்!" என்று எழுந்துவிட்டார். "பார்த்தீங்கல்ல மேட்ரன், பத்து நிமிஷம் எடுத்துக்கிச்சு! நான் ரெண்டு நிமிஷத்துல சொல்லிடுவேன். யாரோடதா இருந்தாலும் சரி. அன்னிக்குக்கூட சொன்னேனே, இவங்களோடதையே!"

"யாரோடதை?"

"வசந்தியோடதை. அந்தக் கேஸ் நடந்த அன்னிக்கு. இவர்தான் போன் பண்ணாரு." சூப்பர்வைசரைக் கையால் காட்டினார். "வசந்தி பாஸ்வேர்டை மறந்துட்டாங்க, அவசரம்னாரு. நான் சோறு சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். ஒரு கையாலயே தட்டி எடுத்துச் சொன்னேன். இன்னமும் ஞாபகம் இருக்கு." சொல்லியும் காட்டினார். ஒரு சாமி பெயரும் வீட்டு நம்பரும். பலர் முன்னால் தன் அலமாரியை யாரோ திறந்துவிட்டதுபோல் வசந்தி அக்கா கூசிப்போனார்.

பிறகு நிமிர்ந்தார்.

"நான் மறக்கவே இல்லையே மேட்ரன்."

மேட்ரன் இவரிடம் கேட்டார். "எத்தனை மணிக்கு அந்தப் போன் வந்துச்சு?"

"பன்னெண்டரை. எனக்கு டைம் கரெக்டா தெரியும். பன்னெண்டரைக்குத்தான் நான் சாப்பிட உட்காருவேன்."

"பன்னெண்டரைக்கு நான் ஆம்புலன்ஸ்ல அந்தத் தாத்தாவோட இருந்தேன்," என்றார் வசந்தி அக்கா. "வாயில துணியை வெச்சு அமுக்கிக்கிட்டு இருந்தேன்."

சூப்பர்வைசர் கைப்பேசியை எடுத்துப் பார்த்தார், கீழே வைத்தார், மறுபடி எடுத்தார். இவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு நிமிடம் என்றதற்கு யாராவது வியந்து ஏதேனும் சொல்வார்கள் என்று காத்திருந்தார் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

"வசந்தி," என்றார் மேட்ரன், "நாளைக்குக் காலை ஷிஃப்டுக்கு வந்துடும்மா. நீங்க உட்காருங்க," என்று சூப்பர்வைசரிடம் சொன்னார். "அந்த டிக்கை யாரு போட்டதுன்னு நாம பேசணும்." எங்களைப் போகச் சொல்லிவிட்டார். படியிறங்கும்போது வசந்தி அக்கா பின்னாலேயே ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். எட்டு மாதத்துக்கு முன்பே எனக்குத் தெரியும் என்று அவரிடம் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

காரில் லாஹாட் தாண்டும்வரை இவர் ஒரு கையால் டையைத் தளர்த்துவதும் இறுக்குவதுமாக இருந்தார். வெட்கம் வந்துவிட்டதோ என்று நினைத்தேன். மனிதர்தானே.

"பார்த்தியா," என்றார் கடைசியில். "நான் அன்னிக்கு அந்தப் போனை எடுக்காம இருந்திருந்தா அந்த மிஸ்ஸி கதி என்ன ஆகியிருக்கும்? என் ஞாபகசக்திதான் அவங்களைக் காப்பாத்துச்சு."

விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

"நீ செஞ்சதும் நல்லதுதான்," என்றார் தாராளமாக. "இப்ப எங்க சரிபண்ணணும்னு தெரிஞ்சுபோச்சு. நாளைக்கு சீக்கிரம் வா. இன்னொரு ஓடையைச் சேர்த்துடலாம். முதல் ஓடையைக் கூட்டு, அதுமேல ரெண்டாவது ஓடையைக் கூட்டு. அப்புறம் உன்னாலயும் முடியாது."

"ரெண்டையும் சேர்த்துக் கூட்டினா அதுவும் ஒரே ஓடைதானே சார்," என்றேன். "நான் அதே மாதிரி கழிச்சுடுவேன்."

மெங்லம்பு சிக்னலில் கார் நின்றது. அவர் ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டு யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், உதடுகள் அசைந்தன. விளக்கு பச்சையானது. பின்னால் ஒரு லோரி ஹாரன் அடித்தது. அவர் நகரவில்லை. அவர் வாயிலிருந்து ஒரே ஒரு தடவை "ஆமா" என்று வந்துவிட்டால் போதும், இவரோடு இன்னும் பத்து வருடம் வேலை செய்யலாம் என்று அந்தச் சில நொடிகள் நான் மனதார நினைத்தேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். முகத்தில் மறுபடியும் அந்த வெளிச்சம்.

"அப்ப மூணு போடுவோம்," என்றார்.

நான் கதவைத் திறந்து அங்கேயே இறங்கிவிட்டேன்.